கொக்குக்குக் காதுகுத்து

மேலக்கருவம்பட்டி,
கொட்டாம்பட்டி வழி,
14.10.2024

அன்பு மருமகள் பவதாரிணிக்கு,

மாமன் கண்ணுச்சாமி எழுதுவது. நானும் உன் அத்தையும் இருக்கிறோம். அவளுக்குச் சளி, எனக்கு முழங்கால். இரண்டும் போன மாதம் போலவே. உன் உடம்பு எப்படி? என் மகன் தமிழ்மாறன் வேளைக்குச் சாப்பிடுகிறானா?

விசாரிப்பு முடிந்தது. இனி விஷயம்.

போன வியாழக்கிழமை உன் பெயருக்கு இந்த விலாசத்தில் ஒரு கவர் வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது, ஆனையூரில் குடியேறி ஆறு வருஷம் ஆகிறது, ஆதாரில் இன்னும் இந்த ஊர் விலாசம்தான். மாற்று மாற்று என்று எத்தனை தடவை சொன்னேன்? சரி, அது கிடக்கட்டும். வந்தது ஜன்னல் கவர். நடுவில் கண்ணாடித் தாள் வைத்திருப்பார்களே, அது. முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவன் நான். அடுத்தவர் கவரை ஒரு நாளும் பிரித்ததில்லை. மேற்படி கவரையும் பிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடித் தாள் வழியாகத் தெரிவதைப் பார்க்காமல் இருக்க என் கண் என்ன பொட்டையா?

கங்கிராஜுலேஷன்ஸ் என்று ஒரு வரி. அடுத்த வரியில் அடாப்ஷன். அதற்குக் கீழே நேம் கமலி, ஃபீமேல். என் இங்கிலீசு தபாலாபீஸ் இங்கிலீசுதான். இம்புட்டுக்கு அது போதும்.

தத்து எடுத்திருக்கிறாய். பெண் பிள்ளை. பேரும் வைத்தாகிவிட்டது. பெரியவன் ஒருத்தன் ஊரில் உயிரோடு இருக்கிறானே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? உன் அத்தை கவரைப் பார்த்ததிலிருந்து அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால், "எனக்கே தெரியல, சும்மா கெடங்க"ங்கிறாள்.

போனில் கேட்கலாம். எனக்குத்தான் காது கேட்காது, நீ கத்துவாய், நான் "ஆங்?" என்பேன், தமிழ்மாறன் பின்னால் நின்று சிரிப்பான். அதனால் எழுதுகிறேன். எழுதினால் யாரும் சிரிக்க முடியாது.

பதில் உடனே வேண்டும்.

கோபத்தோடு,
கண்ணுச்சாமி

*

ஆனையூர், மதுரை
21.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பவதாரிணி எழுதுகிறேன். இருவரும் நலம். அத்தையின் சளிக்குச் சித்தரத்தை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் கொடுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் முடிந்திருந்தால் சொல்லுங்கள், என் தம்பி அருண்பாண்டி கடைக்குப் பக்கத்தில் வாங்கி அனுப்புகிறேன்.

உங்களிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் திட்டுவீர்கள் என்று தெரியும். தெருநாய்க்கு ஒரு உருண்டைச் சோறு வைத்ததற்கே அன்றைக்கு முழுக்கத் திட்டினீர்கள். இதைச் சொன்னால் விடுவீர்களா? கண்ணாடித் தாள் வழியாக நீங்களே எல்லாம் படித்துவிட்டீர்கள், இனி நான் என்ன மறைக்க.

கமலிக்கு மூன்று வயது. உத்தரப் பிரதேசத்தில், ஒரு ஏரிக்கரையில் இருக்கிறாள். சின்னவளாக இருந்தபோது தாயும் தகப்பனும் கரண்டுக் கம்பியில் அடிபட்டுப் போய்விட்டார்கள். இவளுக்கும் ஒரு காலில் அடி. அங்கே ஒரு அமைப்புக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள். இப்போது லேசாக விந்தி நடக்கிறாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை. மழை வந்தால் கூத்தாடுவாளாம். காலில் நம்பர் போட்டு ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள், காணாமல் போனால் கண்டுபிடிக்க.

இங்கே கூட்டி வர முடியாது, மாமா. அங்கேதான் இருப்பாள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை சந்தா கட்ட வேண்டும், அவர்கள் போட்டோ அனுப்புவார்கள். அம்புட்டுத்தான். என் சம்பளத்தில் கட்டுகிறேன். உங்கள் மகனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

இதற்குப் போய் அத்தை அடுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பவதாரிணி

*

மேலக்கருவம்பட்டி,
26.10.2024

மருமகள் பவதாரிணிக்கு,

நலம். சித்தரத்தை கொடுத்தேன். எண்ணெய் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. நாயையும் இதையும் ஒரே வரியில் எழுதுகிறாயே, உனக்கு எப்படித்தாயி கை வந்தது?

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. கால் வேறு விந்துகிறது. அதைத் தத்து எடுத்தேன் என்கிறாய். எடுத்தவள் என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நீயோ அங்கேயே கிடக்கட்டும், நான் சந்தா கட்டுகிறேன், போட்டோ வரும் என்கிறாய். சந்தா கட்ட அது என்ன வாரப் பத்திரிகையா? காலில் நம்பர் போட்டு வளையமாம். பிள்ளையா கைதியா? போலீசில் சொன்னால் அந்த அமைப்புக்காரனை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

கூட்டி வருவதென்றாலும் எனக்குச் சில கேள்வி இருக்கிறது. அவள் யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு? என்ன ஆட்கள்? அதெல்லாம் தெரியாமல் நம் சோணைச்சாமி கோயிலில் எப்படி முடி இறக்குவது, யாரிடம் திருநீறு வாங்குவது? இதையெல்லாம் விசாரித்தாயா இல்லையா?

தீபாவளிக்கு வாருங்கள், நேரில் பேசிக்கொள்வோம். அதிரசத்துக்கு மாவு இடித்தாகிவிட்டது.

கண்ணுச்சாமி

*

ஆனையூர்
5.11.2024

மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதிரசம் வந்தது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டதற்கு நன்றி. தீபாவளிக்கு வராததற்கு எனக்கு ரத்தப் பரிசோதனை லேப்பில் லீவு இல்லை என்று உங்கள் மகன் சொல்லியிருப்பார். லீவு இருந்தது. எனக்குத்தான் வரப் பிடிக்கவில்லை.

நீங்கள் கிண்டலுக்குத்தான் கேட்டிருப்பீர்கள். கமலி எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. இந்தக் கேள்வியை உங்களிடம் எத்தனை வாசலில் கேட்டார்கள் என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதே கேள்வியை உங்கள் கையெழுத்தில் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அவளுக்குத் தெரு கிடையாது. அவளுடைய கூட்டம் குடியிருந்த நீர்நிலமெல்லாம் தூர்ந்து, பட்டா போட்டு, வீடாகிவிட்டது. மிச்சம் இருக்கிற கொஞ்சத்தையாவது காப்பாற்ற ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். இதில் சோணைச்சாமியை எதற்கு இழுக்கிறீர்கள்?

இதற்கு மேல் எழுதினால் மரியாதை குறைந்துவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

பவதாரிணி

*

மேலக்கருவம்பட்டி,
19.12.2024

அன்பு மகள் பவதாரிணிக்கு,

மாமன் எழுதுவது. இங்கே நல்ல மழை. கண்மாய் மறுகால் போகிறது. உன் அத்தைக்குச் சளி விட்டது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒன்றரை மாதமாக எழுதவில்லை. முதல் பத்து நாள் கோபம். அதற்குப் பிறகு வெட்கம்.

எந்தத் தெரு என்று நான்தான் எழுதினேன். கிண்டலுக்கு எழுதவில்லை, நிஜமாகவே கேட்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில் மணியார்டர் கொடுக்கப் போனேன். காக்கிச் சட்டை, தோளில் பை, சர்க்கார் முத்திரை எல்லாம் இருக்கிறது. அந்தப் பெரியவர் படியில் நின்றபடி, "தம்பி எந்தத் தெரு?"ன்னார். சொன்னேன். "அந்தக் கல்லு மேல வெச்சுட்டுத் தள்ளி நில்லு"ன்னார். கையெழுத்துக்குப் பேனா கொடுத்தேன், அதையும் கல் மேல்தான் வைத்தேன்.  அந்த ஆளின் வாய் என் வாய்க்குள் எப்படி வந்தது என்று யோசித்து யோசித்து இந்த மழையிலும் எனக்குத் தூக்கம் கெட்டது.

சரி. என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை பூசாரி நல்லகாமனைக் கூட்டிக்கொண்டு சோணைச்சாமி கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி, சாமி காலடியில் போட்டு, "என் மகன் தத்து எடுக்கிற பிள்ளை நம்ம பிள்ளைதானா, சொல்லப்பா" என்று சத்தமாகக் கேட்டேன். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். நல்லகாமன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். வெள்ளை. எனக்குத் திருப்தியில்லை, இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன். வெள்ளை. மூன்றாவது தடவையும் வெள்ளை. "இதுக்கு மேல கேட்டா சாமிக்கே கோவம் வந்துரும்ணே"ன்னான்.

ஆகவே மாசி சிவராத்திரிக்குக் கோயிலில் முடி இறக்கிக் காதுகுத்து. கறுப்புக் கெடாக்குட்டி ஒன்று பிடித்துக் கட்டியிருக்கிறேன். உன் அத்தை மூன்று வயது அளவுக்கு அரக்குக் கலரில் பட்டுப் பாவாடை எடுத்துவிட்டாள். தாய்மாமன் மடி அருண்பாண்டியுடையதுதான். நாளைக்குப் பழங்காநத்தம் போய் அவனிடம் முறைப்படி சொல்கிறேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன். நீ கூப்பிடவில்லை.

அந்தக் கால் வளையத்தைக் கழற்றச் சொல். வெள்ளிக் கொலுசு போடுவோம். கூட்டி வர முடியாது என்றெல்லாம் சொல்லாதே. எந்த ரயில் என்று மட்டும் சொல், நானே போய்க் கூட்டி வருகிறேன். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் விலாசம் இருந்தால் நான் எந்த வீட்டையும் கண்டுபிடித்துவிடுவேன்.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

மாமன்,
கண்ணுச்சாமி

*

ஆனையூர்
27.12.2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இருவரும் நலமா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. அதற்கு ஆறு நாள் முன்பே அருண்பாண்டி போன் செய்துவிட்டான். "அக்கா, ஒங்க மாமா வந்து தட்டு நெறையா வெத்தலை பாக்கு வெச்சுட்டுப் போறாரு. மடி எனக்குத்தானாம். ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் சொல்லலையாக்கா?"ன்னு அழாத குறை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கடிதம் வந்த பிறகுதான் தலை சுற்றி உட்கார்ந்தேன்.

மாமா, கமலி ஒரு கொக்கு.

நிஜமாகவே கொக்கு. வடக்கே சாரஸ் என்பார்கள். நம் வயலில் நிற்கிறதே வெள்ளைக் கொக்கு, அதற்குப் பெரியப்பா மாதிரி. ஆள் உயரம் இருக்கும், சாம்பல் நிறம், தலையும் கழுத்தும் சிவப்பு. தண்ணீர் நிற்கிற நெல் வயலுக்குள் கூடு கட்டும். குளங்களைத் தூர்த்துத் தூர்த்து அந்த இனமே குறைந்துகொண்டு வருகிறது. ஒரு பறவையைத் தத்து எடுத்தால் அந்தச் சந்தா அங்கே கூட்டைக் காவல் காக்கிற விவசாயிகளுக்குப் போகும். அவர்கள் அறுப்பின்போது கூட்டைச் சுற்றி ஒரு மூலை நெல்லை அறுக்காமல் விட்டுவிடுவார்கள், குஞ்சு நடந்து போகிற வரைக்கும். அதைத்தான் அடாப்ஷன் என்கிறார்கள். நீங்கள் பார்த்த வார்த்தை அதுதான்.

தயவுசெய்து அந்தக் கவரைப் பிரியுங்கள். அதில் போட்டோ இருக்கிறது. நீங்கள் அதைப் பிரித்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். கவரைப் பிரிக்காத தபால்காரர் எனக்கு மாமனாராக வாய்த்திருக்கிறாரே, நான் யாரிடம் போய் முட்டிக்கொள்ள!

நானும் நீங்கள் பறவை என்று தெரிந்துதான் திட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள். அத்தையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பூப் போட்டுக் கேட்ட பக்கத்தை நான் பல தடவை படித்தேன். அதைப் பற்றி இப்போது எதுவும் எழுத முடியவில்லை.

பவதாரிணி

*

மேலக்கருவம்பட்டி,
6.1.2025

பெறுநர்: பவதாரிணி

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

கவரைப் பிரித்தேன். முப்பத்தொரு வருஷ நேமம் ஒரு கொக்குக்காகப் போயிற்று. போட்டோவைப் பார்த்தேன். உன் கமலி என்னைப் பார்த்து முறைக்கிறது.

நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். பேத்தி வருகிறாள், வடக்கே பிறந்தவள், கால் லேசாக விந்தும், யாரும் அதைப் பற்றிப் பிள்ளை முன்னால் பேசக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தபால் கொடுத்த மாதிரி. இப்போது டீக்கடைப் பக்கம் போக முடியவில்லை. "அண்ணே, கொக்குக்குக் காது எங்கிட்டு இருக்கு?"ன்னு ஒருத்தன். "மொட்டை எதுக்குண்ணே, றெக்கையப் புடுங்குனா ஆச்சு"ன்னு இன்னொருத்தன். நல்லகாமன், சாமியிடம் பொய் சொல்லி உத்தரவு வாங்கியதாக என்மேல் வருத்தத்தில் இருக்கிறான். கெடாக்குட்டி உன் அத்தை வைத்த முருங்கைக்கன்று மூன்றையும் தின்றுவிட்டது.

பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். சொன்னேன். அவள் பாவாடையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். நாலு நாளாகப் பேச்சில்லை.

நெல்லை அறுக்காமல் விடுவானாம். எந்தப் பைத்தியக்காரன் விடுவான்? உழுதவனுக்குத்தான் தெரியும் ஒரு மூலை நெல் என்னவென்று. பறவைக்கு ஏரி இல்லையென்றால் அதற்கு நான் என்ன செய்ய? எனக்கும்தான் ஒன்றும் இல்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். விசேஷம் எதுவும் கிடையாது.

அனுப்புநர்: கண்ணுச்சாமி

*

ஆனையூர்
21.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் வயலிலேயே இருந்துவிட்டீர்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. அத்தையின் கை நடுங்குகிறதே, டாக்டரிடம் காட்டினீர்களா?

இப்போது நான் சொல்லப்போவதைப் பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

நாங்கள் நிஜமாகவே பதிவு செய்திருக்கிறோம், மாமா. கொக்குக்கு இல்லை, குழந்தைக்கு. இரண்டரை வருஷம் ஆகிறது. மூன்றாவது தடவையும் வயிற்றில் தங்காமல் போனதே, அதற்கு அடுத்த மாதமே பதிந்தோம். வரிசை நம்பர் இருக்கிறது. தினமும் காலையில் போனில் அந்த நம்பரைப் பார்ப்பேன். சில மாதம் அது நகரவே நகராது. போன செப்டம்பரில் ஒருநாள் அப்படித்தான் பார்த்துவிட்டு லேப்பில் உட்கார்ந்திருந்தேன். அடாப்ஷன் என்று தட்டினால் இந்தக் கொக்கு வந்தது. உடனே கொடுக்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் என் பெயரை ஒரு தடவையாவது அச்சில் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் கட்டினேன். பிறகு அவர்கள் அனுப்புகிறதை எல்லாம் படித்துப் படித்து அந்தப் பறவைகள்மேல் ஆசை வந்துவிட்டது. அது வேறு.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெள்ளைத்துரை மச்சான் பையனைத் தத்து எடுத்து விருந்து வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் தம்பி மகன் வீட்டு விசேஷம், நீங்கள் பந்தியில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி, "எம்புட்டு வளத்தாலும் ரத்தம் அங்கிட்டுத்தான் இழுக்கும்"னீங்க. நான் உங்கள் இலைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் உங்கள் மகன் இலையை மூடிவிட்டு எழுந்து போகிறார். அதற்கு முந்தின வாரம்தான் நாங்கள் பதிந்திருந்தோம்.

நான் தினமும் அறுபது பேர் ரத்தம் எடுத்துப் பார்க்கிறேன், மாமா. எந்த ரத்தமும் எந்தப் பக்கமும் இழுத்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் வீட்டு விசாரணைக்கு ஒரு அம்மா வந்தார். நல்ல மாதிரி. வீட்டைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். கடைசியில், "ஊரில் மாமனார் மாமியார் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். உங்கள் மகன் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தவர்தான். ஐந்து நிமிஷம் அடுப்படியில் நின்றார். அந்த அம்மா என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். "பெரியவர்களிடமிருந்து ஒரு வார்த்தை எழுத்தில் இருந்தால் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதக் கடைசியில் கொடுப்பதாக இருந்த அறிக்கையை அதற்காக மாசி வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார்.

நீங்கள் பூப் போட்டுக் கேட்டது கொக்குக்கு என்று ஊர் சிரிக்கிறது. எனக்கு மட்டும் அது அப்படி இல்லை.

பவதாரிணி

*

ஆனையூர்
10.2.2025

மாமாவுக்கு,

நலமா? கடிதம் கிடைத்ததா இல்லையா என்றாவது ஒரு கார்டு போடக்கூடாதா? போன் செய்தால் அத்தை, "அவரு வயல்ல இருக்காருத்தா, அறுப்பு நடக்கு"ங்கிறார். இருபது நாளாகவா அறுக்கிறீர்கள்? இருப்பது முக்கால் ஏக்கர்.

உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள். நான் அந்த அம்மாவிடம் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். இந்த மௌனம்தான் ஆகவில்லை. தபால்காரர் வீட்டிலிருந்து தபால் வராமல் நான் தினமும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கே கேவலமாக இருக்கிறது.

பவதாரிணி

*

மேலக்கருவம்பட்டி,
17.2.2025

அன்பு மகள் பவதாரிணிக்கு,

மாமன் எழுதுவது. நலம். உன் அத்தையைக் கொட்டாம்பட்டி டாக்டரிடம் காட்டினேன், கை நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். தமிழ்மாறனிடம் சொல், அவனை நான் கேட்டேன் என்று.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. பத்துத் தடவை எழுதிக் கிழித்தேன். வெள்ளைத்துரை வீட்டில் நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. உன் அத்தையைக் கேட்டேன். "சொன்னீக. நான் அப்பவே காலை மிதிச்சேன், நீங்க நிறுத்தல"ங்கிறாள். இரண்டரை வருஷமாக அவளுக்கும் தெரிந்திருக்கிறது, உனக்கும் தெரிந்திருக்கிறது, சொன்னவனுக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று தடவை வயிறு கலைந்து கிடந்த பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சுப் பேசியிருக்கிறேன். தாயி, தப்பு. பெரிய தப்பு. போன வாரம் வெள்ளைத்துரை வீட்டுக்குப் போய் அவனிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பையன் நன்றாக வளர்ந்திருக்கிறான், அச்சு அசல் வெள்ளைத்துரை மாதிரியே மூக்கைச் சொறிகிறான்.

அறுப்பு விஷயம் கேட்டாயே, கேள். வடக்கு மூலையில் கானாங்கோழி ஒன்று நெல்லுக்குள் கூடு கட்டி நாலு முட்டை வைத்திருக்கிறது. மிஷின்காரன் வந்து நின்றான். "அந்த மூலையை விட்டுட்டு அறுப்பா"ன்னேன். என்னை ஏற இறங்கப் பார்க்கிறான். "அண்ணே, மிஷினைத் திருப்பிக் கொண்டாறது உங்களுக்கு நட்டம்"ங்கிறான். தெரியும், அறு என்றேன். இருபது நாளாக அந்த ஒரு மூலை மட்டும் அறுக்காமல் நிற்கிறது, நான் வரப்பில் உட்கார்ந்து நாய் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அத்தை சொன்னது பொய்யில்லை, வயலில்தான் இருந்தேன். நேற்று மூன்று குஞ்சு பொரித்து இறங்கிப் போய்விட்டது. ஒரு முட்டை கூமுட்டை. டீக்கடைக்காரர்கள் இப்போது என்னைக் கொக்குத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். எல்லாம் உன்னால். அந்தக் கமலிக்கு அடுத்த வருஷமும் சந்தா கட்டு. கட்டாமல் விட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

நல்லகாமன் உத்தரவு ரத்து என்றான். கொக்குக்கு வாங்கிய உத்தரவு செல்லாதாம். எனக்கு வந்ததே கோபம். "நான் சாமி முன்னால என்னடா கேட்டேன்? என் மகன் தத்து எடுக்கிற பிள்ளைன்னுதானே கேட்டேன்? கொக்குங்கிற வார்த்தை என் வாயில வந்துச்சா? நீதானே பக்கத்துல நின்ன?"ன்னேன். யோசித்துப் பார்த்தான். வரவில்லை என்று ஒத்துக்கொண்டான். "அப்ப மூணு வெள்ளைப் பூவும் வரப்போற பிள்ளைக்குத்தாண்ணே"ன்னான். ஆகவே உத்தரவு அப்படியே இருக்கிறது. இந்தச் சிவராத்திரி இல்லையென்றால் அடுத்த சிவராத்திரி. கெடாவை விற்கவில்லை. முருங்கையை முடித்துவிட்டு இப்போது வாழைக்குப் போயிருக்கிறது, சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

உன் அத்தை பாவாடையைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். பெரியவளாக வந்தால் பிரித்துவிடலாம் என்று ஓரத்தில் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறாள். "பையன் வந்தா என்னடி பண்ணுவ?"ன்னு கேட்டேன். "அப்ப அந்தக் கொக்குக்கு அனுப்பிருவோம்"ங்கிறாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

விசாரணைக்கு வந்த அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். நான் என்ன பேசினேன், எதற்காக வெட்கப்பட்டேன், சாமியிடம் என்ன கேட்டேன் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். மறைக்கவில்லை. கடைசியில், இந்தப் பிள்ளை வந்து சேர வேண்டிய விலாசம் என்று இந்த வீட்டு விலாசத்தையும் உங்கள் ஆனையூர் விலாசத்தையும் பின்கோடோடு போட்டு, நானும் உன் அத்தையும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவள் கை நடுங்கியதால் பெயர் கொஞ்சம் கோணியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுக் கொடு.

என் சர்வீஸில் ஒட்டாத கவரை நான் தபாலில் சேர்த்ததே கிடையாது. இதை மட்டும் ஒட்டவில்லை. நீ படித்துப் பார்த்துவிட்டு ஒட்டு.

மாமன்,
கண்ணுச்சாமி